துணியா, ஃபெல்ட்டா, ஓலையா, தலையணியா? கையால் தொப்பி செய்ய வருகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

அண்மையில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் திருப்பூரில் பதினைந்து ஆண்டுகள் தையல் எந்திரத்தில் உட்கார்ந்தவர். இன்னொருவர் கொடைக்கானலில் சின்னக் கடை வைத்திருப்பவர். மூன்றாமவர் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு மேற்படிப்புக்கு லண்டன் போகக் காத்திருக்கும் பெண். கையால் தொப்பி செய்வதைத் தொழிலாக எடுத்துக்கொள்வது என்று மூவரும் முடிவு செய்துவிட்டார்கள். எந்த வகைத் தொப்பியில் தொடங்குவது என்பதில்தான் தயங்கி நிற்கிறார்கள்.

தயக்கம் நியாயமானது. நகை செய்கிறவர் வெள்ளியிலிருந்து தங்கத்துக்குப் போனால் பட்டறை அப்படியே உடன் வரும். தொப்பியில் அப்படி இல்லை. ரோமத்தை அழுத்தி இறுக்கிய ஃபெல்ட்டில் தொப்பி செய்ய வாங்கிய கருவிகளில் பாதி துணித் தொப்பிக்கு உதவாது. ஓலையில் பழகிய விரல், ஃபெல்ட்டை இழுக்கும்போது மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டும். தவறான இடத்தில் தொடங்கினால் பணத்தோடு இரண்டு ஆண்டுகளும் போய்விடும்.

## எதை வைத்து எடை போடுவது

பார்வைக்கு எது அழகு என்பதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: தலையின் அளவு எங்கே இருக்கிறது?

புருவத்துக்கு மேலே, காதுகளுக்கு மேலே, பின்மண்டையின் மேடு வழியாக டேப்பைச் சுற்றினால் பெரியவர்களில் பெரும்பாலோர் 54 முதல் 60 செ.மீ. வரைக்குள் வந்துவிடுவார்கள். தொப்பி அளவு ஒவ்வொரு செ.மீ. ஆக ஏறும். ஆகவே ஏழு அளவுகள். அதற்கு மேல், தலை வட்டமானதல்ல, நீள்வட்டம்: நெற்றியிலிருந்து பின்மண்டைக்கு நீளம், காதுக்குக் காது குறைவு. இந்த ஏழு அளவுகளையும் இந்த நீள்வட்டத்தையும் எதில் சேமித்து வைக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் முதலீடு, இடம், வேகம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. துணித் தொப்பியில் அளவு காகிதத்தில் இருக்கிறது. ஃபெல்ட்டில் மரத்தில். பின்னல் தொப்பியில் கையில். தலையின் ஒரு பக்கம் செருகும் அலங்காரமான தலையணியில் அளவே இல்லை.

மற்றவை இதற்குப் பின்னால் வருபவை: கைமுதல் எவ்வளவு, விற்கத் தக்க முதல் தொப்பிக்கு எத்தனை மாதம், உங்கள் ஊரின் ஈரத்தையும் வெயிலையும் பொருள் தாங்குமா, யார் வாங்குவார்கள். நம் ஊருக்கென்று இன்னொன்றையும் சேர்க்கிறேன்: தலையில் வைக்கும் எண்ணெய். வெளிநாட்டுப் பாடநூல்கள் இதைப் பேசுவதில்லை. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் ஒரு மாதம் இருந்த தொப்பியின் உள்பட்டையை ஒரு முறை பார்த்தால் போதும், ஏன் சொல்கிறேன் என்று புரிந்துவிடும்.

## துணித் தொப்பி: அளவு காகிதத்தில்

வெட்டித் தைக்கும் தொப்பி. வீட்டுத் தையல் எந்திரம், கத்தரி, இஸ்திரிப் பெட்டி, பழுப்புக் காகிதம். ஏழு அளவுக்கும் ஏழு பேட்டர்ன் வரைந்து ஆணியில் மாட்டிவிட்டால் அளவுக்கான செலவு முடிந்தது.

சுலபம் என்று தோன்றும் இடத்தில்தான் தையற்காரர்கள் சறுக்குகிறார்கள். ஆறு துண்டுத் தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 57 செ.மீ. தலைக்கு ஒவ்வொரு துண்டின் அடி அகலம் 9.5 செ.மீ. ஒவ்வொரு தையலிலும் இரு பக்கத் துணியும் ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் தையலுக்கு 2, ஆறு தையலுக்கு 12 மி.மீ. தொப்பி ஓர் அளவுக்கு மேல் சிறுத்துவிட்டது. சட்டையின் சுற்றளவில் 12 மி.மீ. குறைந்தால் யாருக்கும் தெரியாது. நெற்றியில் அது மாலைக்குள் தலைவலியாகிவிடும். துணியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினாலும் இதே கதை: நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கும் பருத்தியில் தைத்த 57 செ.மீ. தொப்பி, முதல் சலவையில் 55.3 ஆகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு, போட்டி. தொழிற்சாலைத் தொப்பி நடைபாதையில் குவிந்து கிடக்கிறது. உங்கள் ஒரு நாள் கூலிக்கு அங்கே பல தொப்பி வாங்கலாம். விளிம்பு நிமிர்ந்து நிற்கப் பத்துப் பன்னிரண்டு வரித் தையல் ஓட்டுகிறீர்கள் என்பது வாங்குபவர் கண்ணில் படாது. ஆகவே தொழிற்சாலையால் முடியாததைச் செய்ய வேண்டும். பெரிய கொண்டை போடுகிற பெண்ணுக்குப் பின்பக்கம் ஏற்றி வெட்டிய தொப்பி, கழற்றித் துவைக்கும் உள்பட்டை, 61 செ.மீ. தலை என்பதால் கடையில் எதுவும் பொருந்தாத ஆள்.

புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்களுக்கான தொப்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முடி இல்லாத தோலில் தையல் மடிப்பு உரசினால் வலிக்கும். ஆகவே மடிப்பெல்லாம் வெளிப்பக்கம் வர வேண்டும், அவற்றை மேலே பட்டை வைத்து மூட வேண்டும். முடி போனதால் தலைச் சுற்றளவும் குறைந்திருக்கும், மறுபடி அளக்க வேண்டும். மென்மையான பருத்தி, அடிக்கடி துவைக்கத் தாங்கும் தையல். இதைச் சரியாகச் செய்கிறவர்களுக்குத் தேவை எப்போதும் இருக்கிறது. நான் செய்த தொப்பிகளில் நான் மிகவும் மதிப்பவை இவைதான்.

தையல் ஏற்கெனவே தெரியும், கையில் பணம் குறைவு, வீட்டு மூலையில்தான் வேலை என்றால் இதுவே சரியான வாசல்.

## ஃபெல்ட் தொப்பி: அளவு மரத்தில்

தொப்பி என்றதும் பலர் மனத்தில் எழுவது இதுதான். நெய்யாத, பின்னாத துணி ஃபெல்ட். ரோம இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு; சூடும் ஈரமும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பிரிக்க முடியாதபடி இறுகிவிடும். தொப்பி செய்கிறவர் இதைப் பெரும்பாலும் தானே செய்வதில்லை. கூம்பு வடிவில் ஆயத்தமாக வாங்குகிறார். செக் நாட்டின் நோவி யிச்சினில் 1799இல் தொடங்கிய டோனாக், போர்ச்சுகலின் சாவ் ஜொவாவ் ட மடெய்ராவில் உள்ள ஃபெப்சா ஆகியவை இந்தக் கூம்புகளுக்குப் பெயர் பெற்றவை. முயல் ரோமக் கூம்பு விலை கூடியது, மழையைத் தாங்கும். ஆட்டு ரோமம் மலிவு, ஆனால் நனைந்தால் துவளும்.

கூம்பைக் கொதிக்கும் நீராவியில் பிடிக்கிறீர்கள். அரை நிமிடத்தில் அது முரட்டுத்தனம் இழந்து, தோசை மாவை வார்த்தது போல் கைமேல் தொங்கத் தொடங்கும். ஈரமான மிருக வாசனை அறை முழுக்கப் பரவும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுற்றிய மரக்கட்டை மேல் கவிழ்த்து, இரு கைகளாலும் கீழே இழுக்க வேண்டும். முன்னால் ஒரு இழுப்பு, பின்னால் ஒரு இழுப்பு, பிறகு பக்கங்கள். ஓரிடத்திலேயே இழுத்தால் அங்கே மெலிந்து வெளிச்சம் தெரியும். சூடு ஆறுவதற்குள் அடியில் கயிற்றைச் சுற்றி இறுக்கி, சுருக்கங்களை நகத்தால் கயிற்றுக்குக் கீழே தள்ளி, குண்டூசிகளால் அடிக்க வேண்டும். அவ்வளவும் ஓரிரு நிமிட வேலை. பிறகு இரவு முழுக்கக் காய வேண்டும். காலையில் கட்டையிலிருந்து கழற்றும்போது, நேற்று சாக்குப் பை போல் இருந்த பொருள் தன்னந்தனியே நிற்கிறது. இத்தனை ஆண்டுகளில் அந்தக் காலை எனக்கு அலுத்ததில்லை.

செலவு அந்த மரக்கட்டையில் இருக்கிறது. ஒரு கட்டை, ஓர் அளவு, ஒரு வடிவம். ஏழு அளவு, மூன்று உச்சி வடிவம் என்றாலே 21 கட்டைகள். விளிம்புக்குத் தனிக் கட்டை. ஐரோப்பாவில் லிண்டன், ஆல்டர் போன்ற மென்மரங்களில் செதுக்குகிறார்கள். ஆயிரம் முறை குண்டூசி குத்தினாலும் பிளவுபடாது, நீராவியில் பிசின் கசியாது. இறக்குமதிக் கட்டை ஒன்றின் விலையில் இங்கே பழைய தையல் எந்திரம் ஒன்று வாங்கிவிடலாம். நம் ஊர்க் கடைசல்காரரிடம் கொடுத்தால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். கடைசல் எந்திரம் வட்டமாகத்தான் கடையும், தலை நீள்வட்டம். உளி பிடித்துச் செதுக்கும் ஆசாரியைத்தான் தேட வேண்டும்.

நான் வாங்கிய முதல் கட்டை 56. அது என் தலையின் அளவு, வேறு காரணம் இல்லை. வந்து கேட்ட ஆண்களில் பெரும்பாலோருக்கு 58, 59 தேவைப்பட்டது. செய்து வைத்த தொப்பிகள் மாதக்கணக்கில் அலமாரியில் இருந்தன. பெரிய தொப்பியை உள்பட்டைக்குள் பஞ்சு நாடா வைத்துச் சிறிதாக்கலாம். சிறிய தொப்பியை நீராவி காட்டி அரை அளவு பெரிதாக்கலாம், அதற்கு மேல் முடியாது. கட்டையின் மேல் ஃபெல்ட் துண்டு ஒன்றை இழுத்து மூடி அடுத்த அளவை எடுக்கிற தந்திரமும் உண்டு. இவை தெரிந்திருந்தால் முதலில் 57உம் 59உம் வாங்கியிருப்பேன்.

கணக்கில் வராத இன்னும் சில செலவுகள். அந்துப்பூச்சி: மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது மூன்று கூம்புகளில் பொத்தல் பார்த்திருக்கிறேன்; அன்றிலிருந்து காற்றுப் புகாத பெட்டி, மாதம் ஒரு முறை வெளியே எடுத்து உதறல். கடலோர ஊரில் பூசணமும் சேரும். எண்ணெய்க் கறை ஃபெல்ட்டில் இறங்கினால் துவைக்க வழியில்லை. விறைப்பூட்டும் பழைய முறையில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவுவார்கள். அந்த ஆவி நெஞ்சுக்கு ஆகாது, தீப்பிடிக்கும், ஜன்னல் இல்லாத அறையில் செய்யவே கூடாது. நீரில் கரையும் விறைப்பான்கள் இப்போது கிடைக்கின்றன.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கற்றுக்கொள்வதற்காகப் பழங்காலத் தொப்பிகளை வாங்கி நீராவி காட்டாதீர்கள். ஒரு காலத்தில் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரச நைட்ரேட் பயன்படுத்தினார்கள். தொப்பித் தொழிலாளர்களின் கை நடுங்கியது, மனம் பேதலித்தது. அமெரிக்காவின் தொப்பி நகரமான டான்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். அந்த நாட்டில் 1941இல்தான் அதற்குத் தடை வந்தது. பழைய தொப்பிகளில் அந்தப் பாதரசம் இன்னும் தங்கியிருக்கக்கூடும்.

இவ்வளவையும் தாண்டி ஃபெல்ட் யாருக்கு? குளிர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு. வெளிநாட்டு வாங்குவோரை அடைய வழி உள்ளவர்களுக்கு. ஒரே வடிவத்தைப் பத்தாண்டு செய்து செம்மையாக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு. விலை என்று பார்த்தால் நான்கில் இதற்குத்தான் பொதுவாக அதிகம் கேட்க முடியும். தொய்ந்த தொப்பியை மறுபடி கட்டையில் ஏற்றிச் சீராக்கிக் கொடுப்பதும் சேர்ந்தால் வருமானம் ஓரளவு சமனாக வரும்.

## பின்னல் தொப்பி: அளவு கையில்

வைக்கோல், ஓலை, நார் ஆகியவற்றை நாடா போலப் பின்னி, அந்த நாடாவைச் சுருள் சுருளாகத் தைத்து எழுப்புவது. இங்கிலாந்தின் லூட்டன் நகரம் வைக்கோல் தொப்பியால் வளர்ந்தது. அந்த ஊர்க் கால்பந்து அணியை இன்றும் தொப்பிக்காரர்கள் என்றுதான் அழைக்கிறார்கள். நம்மிடம் இருப்பது பனை. ராமநாதபுரம், தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்தில் ஓலை முடையத் தெரிந்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். குருத்தோலையை வெயிலில் வெளுக்கவைத்துக் கீறினால் தந்த நிறத்தில் வரும்.

வேலை உச்சியின் நடுப்புள்ளியில் தொடங்குகிறது. நாடாவின் நுனியை நனைத்து, சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு மொட்டாகச் சுருட்டி, கையால் நாலைந்து தையல். இந்த மொட்டு ஒரு பக்கம் கோணினால் தொப்பி முழுக்கக் கோணும். பத்தில் ஆறு முறை நான் பிரித்து மறுபடி சுருட்டியிருக்கிறேன். பிறகு எந்திரத்தில், முந்தைய சுற்றின் மேல் சற்று ஏறும்படி வைத்துச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். நாடாவைத் தளர்வாக விட்டால் தட்டையாக விரியும். லேசாக இழுத்துப் பிடித்தால் கீழ்நோக்கி வளையும். உச்சி தட்டையாக வந்து, சுவராக இறங்கி, மறுபடி விளிம்பாக விரிவது முழுக்க அந்த இழுவையில் இருக்கிறது. அளவு கையில் என்று சொன்னது இதைத்தான். சரிபார்க்க ஒரே ஒரு கட்டை பக்கத்தில் இருந்தால் போதும். மற்ற அளவுகளுக்கு டேப்.

ஒரு தொப்பிக்கு எவ்வளவு நாடா? 57 செ.மீ. தலை, 9 செ.மீ. சுவர், 7 செ.மீ. விளிம்பு என்று வைத்தால் பரப்பு ஏறக்குறைய 1,320 சதுர செ.மீ. ஒரு செ.மீ. அகல நாடா, 4 மி.மீ. ஏற்றித் தைத்தால் கண்ணுக்குத் தெரிவது 6 மி.மீ. கணக்குப் போட்டால் 22 மீட்டர். இந்த 22 மீட்டரைப் பின்னுகிற பெண்ணின் கூலிதான் உங்கள் பெரிய செலவு. தையலை நீங்கள் சில மணி நேரத்தில் முடித்துவிடலாம், பின்னலுக்கு அதைவிட மிக அதிக நேரம் ஆகும். விலை போடும்போது பலர் இதைத் தலைகீழாக்கித் தங்கள் வடிவமைப்புக்குப் பெரும்பங்கையும் பின்னலுக்குச் சில்லறையையும் ஒதுக்குகிறார்கள். அது நியாயமும் இல்லை, நீடிக்கவும் செய்யாது. அடுத்த ஆண்டு அந்தப் பெண் வேறு வேலைக்குப் போயிருப்பார்.

கவனிக்க வேண்டியவை வேறும் உண்டு. குருத்தை அளவுக்கு மீறி வெட்டினால் மரம் தளரும், ஏறுகிறவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே வெயில் காலத்திலேயே ஆண்டுக்கான ஓலையை வாங்கிக் காயவைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் பூசணம் பிடிக்கும். மிகவும் காய்ந்த ஓலை ஊசி பட்டதும் வெடிக்கும், தைக்குமுன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். வில்காக்ஸ் அண்ட் கிப்ஸ் போன்ற நிறுவனங்கள் பின்னலுக்கென்றே செய்த சங்கிலித் தையல் எந்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. இடமும் வலமுமாக வளைந்து ஓடும் ஜிக்ஜாக் தையல் போடும் சாதாரணத் தையல் எந்திரம் தொடக்கத்துக்குப் போதும்.

பனாமா தொப்பியும் இந்தக் குடும்பமா என்று கேட்பார்கள். பனாமாவில் அல்ல, ஈக்வடாரில் டோக்கியா இழையால் முடைவது அது. 2012இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. அதை நாடாவாகத் தைப்பதில்லை, உச்சியிலிருந்து ஒரே பரப்பாக முடைகிறார்கள். முடைந்த உடலை வாங்கி வடிவம் கொடுக்க மறுபடி கட்டைதான் வேண்டும். அதாவது ஃபெல்ட் பட்டறையின் கோடைக்கால வேலை.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கும், ஓலை முடைகிறவர்களோடு சேர்ந்து உழைக்க மனம் உள்ளவர்களுக்கும் பின்னல்தான் என் பரிந்துரை. வெயிலில் வாழும் நமக்குக் காற்றுப் புகும் தொப்பி இது. எண்ணெயும் இதில் பெரிதாக உறுத்தாது, உள்பட்டையை மாற்றிவிடலாம்.

## தலையணி: அளவே இல்லை

சீப்பிலோ வளையத்திலோ பொருத்தித் தலையின் ஒரு பக்கம் அமரும் அலங்காரம். வாழைக்கு உறவான அபாக்கா நாரில் நெய்த சினமாய், இறகு, வலை, பூ. கட்டை இல்லாமலேயே தொடங்கலாம், மேசை ஒன்று போதும்.

ஆனால் இது பருவத்தை நம்பிய பிழைப்பு. இங்கிலாந்தில் ஜூன் மாத ராயல் ஆஸ்கட் குதிரைப் பந்தயம், ஆஸ்திரேலியாவில் நவம்பர் முதல் செவ்வாயன்று மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம், இடையில் திருமணங்கள். விதி ஒன்று மாறினாலும் வேலை மாறும்: ஆஸ்கட்டில் உயர்மட்டப் பார்வையாளர்களுக்கான ராயல் என்க்ளோஷருக்குள் 2012 முதல் தலையணியின் அடிப்பாகம் 10 செ.மீ. ஆவது இருக்க வேண்டும் என்றார்கள், சிறிய அலங்காரங்கள் அங்கே செல்லாமல் போயின. பெயர் கிடைத்தால் உயரமும் பெரிது. 2011இல் பிரிட்டிஷ் அரச குடும்பத் திருமணத்தில் இளவரசி பீட்ரிஸ் அணிந்த தொப்பி வடிவமைப்பாளர் பிலிப் ட்ரேசியின் தலையணி ஊரெல்லாம் கேலிக்கு ஆளாகி, பிறகு அறக்கொடை ஏலத்தில் 81,000 பவுண்டுக்கு மேல் போனது.

நம் மண்ணில் இதற்கு ஒரு பொருள் காத்திருக்கிறது: தஞ்சாவூர் நெட்டி. சதுப்பில் வளரும் இந்தத் தண்டின் வெள்ளைச் சோற்றைக் கத்தியால் காகிதம் போலச் சீவிப் பூவாக்குகிறார்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கலை. வெள்ளைக்காரத் துரைமார் அணிந்த சோலா தொப்பியும் வங்காள மாப்பிள்ளை மணநாளில் அணியும் தோபோர் என்ற தலையணியும் இதே தண்டில் பிறந்தவை. கிறிஸ்தவ மணமகளின் முக்காட்டு வலைக்கு மேல் நெட்டிப் பூவில் ஒரு வளையம் செய்து பாருங்கள், எடையே தெரியாது.

## ஒரு பார்வையில்

| | துணி | ஃபெல்ட் | பின்னல் | தலையணி |
|---|---|---|---|---|
| அளவு இருக்கும் இடம் | காகிதம் | மரக்கட்டை | கை, கண் | இல்லை |
| கைமுதல் | மிகக் குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | குறைவு |
| விற்கத்தக்க முதல் தொப்பி | சில வாரம் | ஆறு மாதம், மேலும் | மூன்று நான்கு மாதம் | சில வாரம் |
| மறைந்த செலவு | தொழிற்சாலைப் போட்டி | கட்டை, பூச்சி, இறக்குமதி | பின்னல் கூலி, பூசணம் | வேலை இல்லாத மாதங்கள் |
| எண்ணெய்த் தலை | துவைக்கலாம் | ஆகாது | உள்பட்டை மாற்றலாம் | பொருட்டல்ல |
| ஏற்ற இடம் | எங்கும் | மலை, வெளிநாடு | கடலோரம், சமவெளி | திருமணச் சந்தை |

மாதக் கணக்கு, வாரத்தில் நான்கைந்து நாள் கைவைக்கிறவர்களுக்கு. கை பழகும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும்.

## மூவருக்கும் நான் சொன்னது

திருப்பூர்க்காரருக்குத் துணி. அவர் கை ஒரு மில்லிமீட்டர் தவறாது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கான தொப்பியோடு தொடங்கச் சொன்னேன். முதல் பேட்டர்னை நானே வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

லண்டன் போகும் பெண்ணுக்குத் தலையணி. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன் தஞ்சாவூரில் சில வாரம் உட்கார்ந்து நெட்டி சீவப் பழக வேண்டும் என்றேன். ஃபெல்ட்டை அங்கே கல்லூரிப் பட்டறையின் கட்டைகளில் கற்றுக்கொள்ளலாம், சொந்தமாக வாங்க வேண்டாம்.

கொடைக்கானல் கடைக்காரருக்கு ஃபெல்ட். குளிர் உண்டு, வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், காத்திருக்கப் பொறுமையும் அவரிடம் இருக்கிறது. கட்டைக்கு உடனே பணம் அனுப்பப் போனவரைத் தடுத்து நிறுத்தினேன். இந்த சீசன் முழுக்கக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு டேப்பும் நோட்டும் வையுங்கள். கடையில் தொப்பி போட்டுப் பார்க்கிற ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தலையை அளந்து எழுதுங்கள். நூறு தலை சேர்ந்த பிறகு எந்த இரண்டு எண்கள் அதிகமாக வந்திருக்கின்றனவோ, அந்த இரண்டு கட்டைகளுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள் என்றேன். போன வாரம் வரை நாற்பத்தொரு தலை ஆகியிருக்கிறது. 58 முன்னால் நிற்கிறது.